இலண்டன் பெட்டி போட்ட புள்ளி

உ
சிவமயம்

புத்தூர்,
14.09.1986, ஞாயிற்றுக்கிழமை.

இலண்டன் மாநகரில் சீரோடு வாழ்ந்துவரும் என் அன்புத் தம்பி இராசநாயகம் அறிய, புத்தூர் இளைப்பாறிய தபாலதிபர் அருளம்பலம், அதாவது உன் அண்ணன், எழுதிக்கொள்வது. நல்லூரானின் கிருபையால் நானும் உன் அண்ணி செல்வநாயகியும் உன் பெறாமகள் ஞானாம்பிகையும் உடம்பளவில் சுகமாயிருக்கிறோம். மனத்தளவில் உள்ள சங்கதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். குளிருக்குத் தலையை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாயா என்று அண்ணி கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

நீ அனுப்பிய கொம்பியூட்டர் வந்து சேர்ந்தது. நீ கேட்ட ஆராய்ச்சியும் நடந்து முடிந்தது. உங்கள் கல்லூரியில் ஆராய்வதுபோல இங்கேயும் ஒரே பிள்ளைகளை ஒருமுறை கடதாசியிலும் ஒருமுறை கொம்பியூட்டரிலும் கணக்குச் சோதனை எழுதவைத்து, இரண்டு புள்ளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் குறித்து அனுப்பு, மெஷினுக்கு மாறினால் புள்ளி கூடுகிறதா குறைகிறதா என்று அறியவேண்டும் என்று எழுதியிருந்தாய். மெஷினில் முதலாவதாக வரும் பிள்ளையிடம், அது யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், பெட்டியை ஒப்படைக்கச் சொன்னாய். அந்தப் பிள்ளைக்குக் கடிதம் மூலமே புரோகிராம் எழுதப் பழக்குவதாகவும் சொன்னாய். யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் என்று நீ எழுதிய இடத்தை வாசித்தபோது நான் சிரித்தேன். முதலாவதாக வருவது எங்கள் வீட்டுப் பிள்ளைதான் என்பது ஊருக்கே தெரிந்த விஷயமல்லவா? ஓ.எல். சோதனையில் கணக்கில் அதிவிசேட சித்தி டி எடுத்தவள் அல்லவா? அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

பெட்டி வந்த கதையே ஒரு பாரதம். கொழும்பிலிருந்து கொண்டுவந்தவரை ஆனையிறவு ஆமிச் சோதனைச் சாவடியில் இறக்கி, இது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். அவர் பயத்தில் ரைப்ரைட்டர் என்றிருக்கிறார். அப்படியானால் அடித்துக் காட்டு என்று கடதாசியை நீட்ட, அந்தக் கடதாசியை எங்கே செருகுவது என்று தெரியாமல் மனுசன் முக்கால் மணித்தியாலம் பெட்டியைப் புரட்டியிருக்கிறார். கடைசியில் பின்னால் நின்ற பஸ்காரர் எல்லாரும் சேர்ந்து ஹோர்ன் அடித்ததில் விட்டுவிட்டார்கள். பெட்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் அதற்கு முகம் இல்லையென்பது தெரிந்தது. ரி.வி. ஒன்றில் பூட்டினால்தான் அது எதையும் காட்டும் என்று நீ எழுதியதை நான் கவனிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் நிறந்தெரியும் ரி.வி. வைத்திருப்பவன் தம்பிராசா ஒருவன்தான். அவன் தன் ரி.வி.யைச் சனசமூக நிலையத்துக்கு வண்டிலில் ஏற்றிக்கொண்டுவந்த அன்று, படம் போடப்போகிறார்கள் என்று நினைத்து அறுபது எழுபது பேர் பாயோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் முன்னால், நீ புரோகிராமைப் பதிந்து அனுப்பிய கசெற்றைப் போட்டேன். எட்டு நிமிஷம் கீயென்று கத்தியது. பாட்டு எப்போ வரும் என்று ஒருவர் கேட்டார். பிறகு, நீலத் திரையில் ஒரு சின்னச் சதுரம் தோன்றிக் கண்ணைச் சிமிட்டியது. தம்பி, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. படமில்லையென்று சனம் எழும்பிப் போய்விட்டது. நான் மட்டும் அதற்கு முன்னால் கைகட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

நான் ஏன் அதை அப்படி மதித்தேன் என்று நீ சிரிக்கக்கூடாது. முப்பத்தொரு வருஷம் தந்தி மெஷினோடு சீவித்தவன் நான். பிறப்பு, இறப்பு, மாற்றல், வேலை நியமனம், எல்லாம் அந்தக் கட்டை கம்பி மெஷின் வழியாகத்தான் இந்த ஊருக்கு வந்தது. மனிதர் பொய் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தந்தி மெஷின் ஒருநாளும் எனக்குப் பொய் சொன்னதில்லை. உன் பெட்டியோ அதற்குப் பேரப்பிள்ளை. நீ எழுதியிருந்ததை வாசித்தபோது என் மதிப்பு இன்னும் கூடியது. கேள்விகள் தமிழில் ரோணியோவில் அச்சடித்த தாளில் இருக்கும், ஏனென்றால் பெட்டிக்குத் தமிழ் தெரியாது. பிள்ளை தாளைப் பார்த்து, ஒவ்வொரு கேள்விக்கும் சரியென்று படும் விடையின் இலக்கத்தை, ஒன்றிலிருந்து ஐந்துக்குள், வரிசையாக அழுத்தவேண்டும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் திரையில் ஒரு நட்சத்திரம் விழும். ஐம்பது நட்சத்திரம் விழுந்ததும் சோதனை முடிந்தது என்று இங்கிலிசில் காட்டும். அடுத்த கணம் புள்ளி வரும். அதன்பின் பிள்ளை அழுத்திய ஐம்பது இலக்கங்களும் வரிசையாக வரும், அவற்றை நான் ஒரு கொப்பியில் பார்த்து எழுதவேண்டும். சிவப்புப் பேனை இல்லை, கூட்டல் பிழை இல்லை, வாத்தியாருக்கு வேண்டியவன் வேண்டாதவன் இல்லை. இதைவிட ஒரு நீதி பூமியில் உண்டா?

முதற் சனிக்கிழமை இருபத்துநாலு பிள்ளைகள் கடதாசியில் எழுதினார்கள். வழக்கம்போல எல்லாரும் தாளின் தலையில் பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்கினார்கள். அடுத்த சனியும் ஞாயிறும் மெஷின் சோதனை, ஒருவர் பின் ஒருவராக. முதலாவதாக வந்து கதிரையில் உட்கார்ந்தது எங்கள் ஞானாம்பிகைதான். உட்கார்ந்தவள் கையை எடுத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்பா, சுழி போடாமல் எப்பிடித் தொடங்கிறது?”

அவள் கேட்டது நியாயம்தானே? கடதாசிக்குக் கொடுத்த மரியாதையை இலண்டனிலிருந்து வந்த பெட்டிக்குக் கொடுக்கவேண்டாமா? ஆனால் பெட்டியில் உ இல்லை. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அழுத்தும் கட்டைகள் எல்லாவற்றையும் ஒரு வரிசை பார்த்தேன். அப்போதுதான், தம்பி, எனக்கு அந்த எண்ணம் உதித்தது. மேல் வரிசையில் இரண்டாம் இலக்கம் இருக்கிறதே! அதே வளைவு, அதே நீட்டு. கொஞ்சம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் சாட்சாத் பிள்ளையார் சுழி. “இரண்டை அமத்து பிள்ளை, அது அவர்தான்” என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். திரையில் ஒரு நட்சத்திரம் மெல்ல வந்து விழுந்தது. பெட்டி ஒரு சத்தமும் போடாமல் ஏற்றுக்கொண்டது. அந்தப் பெட்டியில் எங்கள் விநாயகருக்கும் ஒரு கட்டை வைத்திருக்கிறார்களே! அதன்பிறகு வந்த ஒவ்வொரு பிள்ளையையும் நான் பக்கத்தில் நின்று, முதலில் இரண்டை அழுத்தவைத்துத்தான் சோதனை தொடங்கவிட்டேன். தம்பிராசாவின் மகன் கேதீஸ்வரன் மாத்திரம் மூன்று தரம் அழுத்தினான். கணக்குக்கும் அவனுக்கும் எட்டாப் பொருத்தமென்றபடியால் அவனுக்குப் பக்தி அதிகம்.

பிள்ளைகளில் ஒருத்திதான் வேதக்காரப் பிள்ளை. ஸ்ரெல்லா என்று பெயர். தாய் பெர்னடெட் குருநகரிலிருந்து இங்கே ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்த நேர்ஸ். ஸ்ரெல்லாவும் எங்கள் ஞானமும் வகுப்பில் ஒரே வாங்கு. அந்தப் பிள்ளை தயங்கித் தயங்கி, “அங்கிள், நாங்கள் சிலுவையெல்லோ போடுறனாங்கள்” என்றாள். நான் அப்படிப்பட்ட விஷயங்களில் பேதம் பார்க்காதவன் என்று உனக்குத் தெரியும். கூட்டலுக்குப் போடும் சக அடையாளம் சிலுவை மாதிரித்தான் இருக்கிறது, அதை அழுத்து என்றேன். அழுத்தினாள். பெட்டி கீக் என்று கத்தியது! நட்சத்திரமும் விழவில்லை. பிள்ளையின் முகம் வாடிவிட்டது. “பரவாயில்லை, அவருக்குக் கேட்டிருக்கும்” என்று தேற்றினேன். வெளியில் அப்படிச் சொன்னேனே தவிர, எங்களுடையதை வாய்திறக்காமல் ஏற்றுக்கொண்ட பெட்டி அவர்களுடையதற்குக் கத்தியதில் உள்ளுக்குள் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம். அந்தக் குற்றத்தையும் எழுதிவிடுகிறேன்.

இடையில் நடந்த அமளிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கரண்ட் நின்றது. பாதியில் இருந்த பிள்ளையின் நட்சத்திரங்கள் எல்லாம் அழிந்துபோய், கரண்ட் வந்ததும் கசெற்றை மறுபடி எட்டு நிமிஷம் கத்தவிட்டுத் திரும்பச் சுழியிலிருந்து தொடங்கவேண்டியதாயிற்று. பிற்பகல் ஆமி ஹெலிகொப்டர் ஒன்று தாழப் பறந்தது. பிள்ளைகள் எல்லாரும் மேசைக்குக் கீழே போய்விட்டார்கள். நான் பெட்டிக்கு மேலே குனிந்து என் உடம்பால் மூடிக்கொண்டேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்த உன் அண்ணி, “பெத்த பிள்ளை மேசைக்குக் கீழை, இவர் பெட்டியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிறார்” என்று அன்றைக்குத் தொடங்கியவள் இன்னும் நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறான கசெற் போய்விட்டது. அது செல்வநாயகியின் தங்கை கலியாணத்து நாதஸ்வரம். பெட்டி அதையும் எட்டு நிமிஷம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, புரியவில்லை என்று இங்கிலிசில் பணிவாகச் சொன்னது. எனக்கு அதிலும் அதன் நேர்மைதான் தெரிந்தது. எத்தனை பேர் புரியாததைப் புரியவில்லை என்று சொல்கிறார்கள்?

இன்னொரு அதிசயம். அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் கடைசியில் ஒரே முறைப்பாட்டைச் சொன்னார்கள். “ஐயா, எனக்குக் கடைசிக் கேள்வி மிஞ்சியிருக்க மெஷின் முடிஞ்சுதெண்டிட்டுது.” அது உன்னைவிடக் கெதியாக யோசிக்கிறது பிள்ளை, நாற்பத்தொன்பது கேள்வியிலேயே உன்னை எடைபோட்டுவிட்டது என்று விளங்கப்படுத்தினேன். கேதீசுக்கு மூன்று கேள்விகள் மிஞ்சின. அவன் முறையிடவில்லை, ஆறுதலாக எழும்பிப் போனான். ஸ்ரெல்லாவுக்கு மட்டும் ஒன்றும் மிஞ்சவில்லை.

இனிப் புள்ளிகள். தனித்தாளில் அட்டவணை வைத்திருக்கிறேன். முக்கியமானதை இங்கே எழுதுகிறேன். கடதாசியில் பிள்ளைகளின் சராசரி ஐம்பதுக்கு முப்பத்தொன்று. மெஷினில் பதினொன்று. கடதாசியில் நாற்பது எடுத்தவனும் பதினைந்து எடுத்தவனும் மெஷினில் ஒன்பது பத்து என்று ஒரே வரிசையில் நிற்கிறார்கள். கெட்டிக்காரன், மக்கு, வசதியுள்ளவன், இல்லாதவன் எல்லாரையும் அது ஒரே கண்ணால் பார்க்கிறது. இந்தச் சமநோக்கு வருவதற்கு மனிதர் எத்தனை விரதம் பிடிக்கவேண்டும்? அதிலும் இன்னொரு புதினம். இருபத்துநாலு பேரில் இருபத்துமூன்று பேர் முதலாம் கேள்வியைப் பிழையாகச் செய்திருக்கிறார்கள், அதுவும் எல்லாரும் ஒரேமாதிரி இரண்டு என்று விடை சொல்லியிருக்கிறார்கள். முதலாம் கேள்வி ஏழும் ஐந்தும் எத்தனை என்பது. சரியான விடை நாலாவது. மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்ததும் பயத்தில் புத்தி ஒரே திசையில் கலங்குகிறது என்பது என் முடிவு. உங்கள் கல்லூரிப் பேராசிரியர் இதைக் குறித்துக்கொள்வார் என்று நம்புகிறேன். கேதீஸ்வரன் கடதாசியில் பதினொன்று, மெஷினில் பதினாறு. தம்பிராசா அன்றைக்கே கற்கண்டு வாங்கி ஒழுங்கை முழுக்கக் கொடுத்துவிட்டான். “வாத்திமாருக்குத் தெரியேல்லை, என்ரை ரி.வி.க்குத் தெரிஞ்சிருக்கு” என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். முதலாவது ஸ்ரெல்லா. கடதாசியில் நாற்பத்தொன்று, மெஷினில் நாற்பத்திரண்டு. கத்தினாலும் தன் ஆளைப் பெட்டி கைவிடவில்லை.

எங்கள் ஞானாம்பிகை கடதாசியில் நாற்பத்தேழு. மெஷினில் எட்டு.

எட்டு என்று திரையில் வந்தபோது நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தேன். எட்டுத்தான். அவள் கதிரையிலிருந்து எழும்பவில்லை. “அப்பா, நீங்கள் அதை நம்புறியளோ?” என்று கேட்டாள். முப்பத்தொரு வருஷம் சாவுச் செய்திகளைக் கொண்டுபோய் வாசல்களில் கொடுத்தபோது எத்தனை பேர் இதே கேள்வியை என்னிடம் கேட்டார்கள்? இருக்காது, திரும்பப் பாருங்கோ என்று எத்தனை பேர் காலைப் பிடித்தார்கள்? ஒருமுறையாவது மெஷின் பிழையாகச் சொன்னதா? “மெஷின் பொய் சொல்லாது பிள்ளை” என்றேன்.

அன்று தொட்டு ஒரு கிழமை அவள் வீட்டில் கதைக்கவில்லை. கணக்குக் கொப்பிகளை எல்லாம் ஒரு சாக்கில் கட்டி, வெங்காயம் தூக்கிக் கட்டும் கொட்டிலுக்குள் வைத்துவிட்டாள். முன்பெல்லாம் சாப்பிடும்போதும் கோப்பையின் ஓரத்தில் விரலால் கணக்குப் போடுபவள், இப்போது சோற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உன் அண்ணி இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, “மெஷினுக்கு விசர், அதைக் கட்டிப்பிடிச்ச மனுசனுக்கு அதைவிட விசர்” என்று சத்தம் போடுகிறாள். எனக்கும் நெஞ்சு வேகுகிறது. ஆனால் மகள் என்பதற்காக ஒரு விஞ்ஞான முடிவை நான் மறைக்கலாமா? மூன்று வருஷமாக வாத்திமார் என் முகத்துக்காகப் புள்ளி போட்டிருப்பார்களோ என்றுகூட யோசித்தேன். ஏ.எல்.லில் கணிதப் பிரிவுக்குப் போய், எஞ்சினியராக வருவேன் என்ற பிள்ளை, நாளைக்குப் பெரிய சோதனையில் விழுந்து நொந்துபோவதைவிட இப்போதே தெரிந்தது நல்லது என்று முடிவெடுத்து, வெள்ளிக்கிழமை அவள் படிக்கும் கல்லூரிக்குப் போனேன். அதிபர் பஞ்சலிங்கத்தைக் கண்டு, ஞானாம்பிகையின் ஏ.எல். படிவத்தில் கணிதத்தை வெட்டிக் கலைப் பிரிவு என்று எழுதச் சொன்னேன். படிவங்கள் செவ்வாய்க்கிழமை போகின்றன. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “வெய்யிலுக்குள்ளை சைக்கிளிலை வந்தனீங்களோ ஐயா, சோடா குடிக்கிறியளோ?” என்று மட்டும் கேட்டார். திரும்பி வரும்போது ஆவரங்கால் வரைக்கும் சைக்கிளை இறங்கி உருட்டிக்கொண்டு வந்தேன்.

ஆகவே தம்பி, உன் ஆராய்ச்சிக்கு என் முடிவு இதுதான்: கடதாசியிலிருந்து மெஷினுக்கு மாறினால் சைவப் பிள்ளைகளின் புள்ளி மூன்றிலொன்றாகக் குறைகிறது, வேதக்காரப் பிள்ளைகளின் புள்ளி குறையவில்லை, தம்பிராசாவின் மகனுடைய புள்ளி கூடுகிறது. காரணத்தை உங்கள் கல்லூரி கண்டுபிடிக்கட்டும். பெட்டியை நீ சொன்னபடி ஸ்ரெல்லாவிடம் ஒப்படைப்பேன். எங்கள் பிள்ளைமேல் கோபிக்காதே. உன் பெயரைக் காப்பாற்றவில்லையே என்று அவள் உனக்குக் கடிதம் எழுதவும் பயப்படுகிறாள். எல்லாம் வல்ல சிவகாமி அம்மன் உனக்கும் உன் வீட்டாருக்கும் நீண்ட ஆயுளையும் நிறைந்த சுகத்தையும், எங்களுக்கு இதைத் தாங்கும் மனத்தையும் தருவாளாக.

இப்படிக்கு,
உன் அன்பு அண்ணன்,
க. அருளம்பலம்

பிற்குறிப்பு (திங்கட்கிழமை, பிற்பகல்): தம்பி, மேலே எழுதிய அத்தனையும் பிழை.

இன்று விடிய, உறையில் இலண்டன் விலாசத்தை எழுதித் தரும்படி இந்தக் கடிதத்தை ஞானாம்பிகையிடம் கொடுத்தேன். அவளுடைய இங்கிலிஸ் எழுத்து அச்சுப்போல இருக்கும். வாசிக்காதே என்று சொல்லித்தான் கொடுத்தேன், வாசிக்கவுமில்லை. ஆனால் மடிப்பதற்கு முன் முதலாம் பக்கத்தின் தலைப்பைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு கிழமைக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

“அப்பா, கடிதத்தை எதாலை தொடங்கியிருக்கிறியள்?”

“வேறை எதாலை, பிள்ளையார் சுழியாலைதான்.”

“சித்தப்பா இதையும் ஒரு சொல்லாய்ச் சேத்து வாசிப்பரோ?”

“உனக்கென்ன விசரே? அது சொல்லே? சுழியெண்டு அவனுக்குத் தெரியுந்தானே.”

“மெஷினுக்குத் தெரியுமோ, அப்பா?”

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவள் ஓடிப்போய், நான் இலக்கங்களைப் பார்த்து எழுதிய கொப்பியையும் அடிமட்டத்தையும் ஒரு சிவப்புப் பென்சிலையும் கொண்டுவந்து நிலத்தில் உட்கார்ந்தாள். “ஸ்ரெல்லாவின்ரை சிலுவைக்கு அது ஏன் கத்தினது? அது இலக்கம் இல்லை, விடையாய் எடுக்கமாட்டன் எண்டு கத்தினது. எங்கடை பிள்ளையாருக்கு ஏன் கத்தேல்லை? இரண்டு எண்டால் இலக்கம். அவரை முதலாம் கேள்விக்கு விடையாய் எடுத்துப்போட்டுது. அதுக்குப் பிறகு நான் முதலாம் கேள்விக்குச் சொன்னதை இரண்டாம் கேள்விக்கு, இரண்டாவதுக்குச் சொன்னதை மூண்டாவதுக்கு எண்டு, முழுக்க ஒரு படி தள்ளிப் போச்சு. அதுதான் எல்லாருக்கும் கடைசியிலை ஒண்டு மிஞ்சினது.” சொல்லிக்கொண்டே இருபத்துமூன்று பிள்ளைகளின் வரிசையிலும் முதலில் நின்ற இரண்டாம் இலக்கத்துக்குப் பக்கத்தில் கோடு கிழித்தாள். கேதீசுக்கு மட்டும் மூன்று இரண்டுகளுக்கு அப்பால் கிழித்தாள். கோட்டுக்கு இந்தப்பக்கமிருந்து திரும்ப எண்ணினோம். நான் விடை வாசிக்க, அவள் சரி போட்டாள். உன் அண்ணி அடுப்பில் பாலைப் பொங்கவிட்டுவிட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஞானாம்பிகை நாற்பத்தொன்பதுக்கு நாற்பத்தேழு.

மற்றப் பிள்ளைகளும் அப்படித்தான். ஒன்று கூட, ஒன்று குறைய, கடதாசியில் எடுத்த அதே புள்ளிதான் ஒவ்வொருவருக்கும் வந்தது. உன் பேராசிரியரிடம் சொல், கடதாசிக்கும் மெஷினுக்கும் ஒரு வித்தியாசமுமில்லை. வித்தியாசம் பக்கத்தில் நின்று பரீட்சை நடத்திய இளைப்பாறிய தபாலதிபரில்தான் இருந்தது. கேதீஸ்வரனுக்குப் பத்து. தம்பிராசாவுக்கு இதை நான் இன்னும் சொல்லவில்லை, ரி.வி.யைத் திருப்பிக் கொடுக்கும்போது சொல்லலாம் என்றிருக்கிறேன்.

கடைசியாக அவள் ஒரு கேள்வி கேட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. “அப்பா, தந்திப் படிவத்திலை சனம் மேலை சுழி போட்டுக்கொண்டு வந்தால் நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?”

“வெட்டிப்போட்டுத்தான் அடிக்கிறனான். இல்லாட்டில் மெஷின் அதையும் ஒரு சொல்லாய்...”

முப்பத்தொரு வருஷம், தம்பி! எத்தனை ஆயிரம் சுழியை இந்தக் கையால் வெட்டியிருப்பேன்! அந்த நீலத் திரையைக் கண்டதும் நான் படித்ததையெல்லாம் மறந்துபோனேன்.

உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு கல்லூரிக்கு ஓடினேன். அதிபர் பஞ்சலிங்கம் என்னைக் கண்டதும் மேசை லாச்சியை இழுத்து ஞானாம்பிகையின் படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். ஒரு கீறல் இல்லை, கணிதப் பிரிவு என்று அவள் எழுதியது அப்படியே இருந்தது. “மூண்டு வருசமாய் நான் அந்தப் பிள்ளையின்ரை கணக்குக் கொப்பி பாக்கிறன் ஐயா. நீங்கள் இரண்டு நாள் ரி.வி. பாத்தனீங்கள்” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சோடா தந்தார், குடித்தேன்.

வீட்டுக்கு வந்து சாக்கை அவிழ்த்து, கொப்பிகளில் ஒட்டியிருந்த வெங்காயச் சருகை ஒவ்வொன்றாகத் தட்டி அடுக்கி வைத்தேன். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். “மெஷினை நம்பினது பிழையில்லை அப்பா. என்னட்டையும் ஒரு சொல் கேட்டிருக்கலாம்” என்றாள். உன் பெட்டியைப் பார்த்து நான் இத்தனை நாள் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். வாயைப் பிளந்து பார்க்கவேண்டியது என் வீட்டுக்குள்ளேயே நின்றிருக்கிறது.

பெட்டி ஸ்ரெல்லாவுக்குத்தான் போகவேண்டும், சோதனையை ஒழுங்காக எழுதியவள் அவள் ஒருத்திதானே, தான் பக்கத்திலிருந்து சேர்ந்து பழகுவதாக ஞானாம்பிகை சொல்கிறாள். முதல் வரும் இரண்டை எண்ணாமல் விடுவதற்குப் புரோகிராமில் எந்த வரியை மாற்றவேண்டும், சிலுவைக்கு அது கத்தாமலிருக்க எந்த வரியை மாற்றவேண்டும் என்று இரண்டு பேரும் உன்னிடம் கேட்கச் சொன்னார்கள். உடனே எழுது.

நாலு மணிக்குத் தபால் கட்டிவிடுவார்கள், இதைத் திருப்பி எழுத நேரமில்லை. ஆகவே, முதலாம் பக்கத்தின் தலையில் உள்ள உ ஒன்றை மட்டும் வைத்துக்கொள். அதற்கும் இந்தப் பிற்குறிப்புக்கும் நடுவில் இருப்பது எல்லாவற்றையும் கிழித்துப்போடு.